பக்கத்து ஊர் திருடன் யார் பொறுப்பு?

எங்கள் ஹாஸ்டல் மெஸ்ஸில் டிவைடிங் சிஸ்டம். மாதம் முழுக்க ஆன செலவைக் கூட்டி, தலைக்கு இவ்வளவு என்று வகுத்து விடுவார்கள். நான் ஒரு முட்டை எடுத்தாலும் நாலு முட்டை எடுத்தாலும் என் பில் பெரிதாக மாறாது. அப்புறம் என்ன, எல்லோருமே நாலு எடுப்போம். மாதக் கடைசியில் பில்லைப் பார்த்துவிட்டு மெஸ் செக்ரட்டரியைத் திட்டுவோம்.

தலைப்பைப் பார்த்து வந்தவர்கள் குழம்ப வேண்டாம். திருடன், போலீஸ், ஜெயில் பற்றித்தான் எழுதப் போகிறேன். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம் பல வருடங்கள் தன் சிறைகளை இந்த டிவைடிங் சிஸ்டத்தில்தான் நடத்தியது. அதைச் சரி செய்யப் போய் வேறு ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டது. நான் சட்டம் படிப்பவன் இல்லை, பி.காம். மாணவன். செலவை யார் தலையில் எழுதுகிறார்கள் என்று பார்க்கிற பழக்கம் மட்டும் உண்டு. அந்தக் கண்ணோடு பார்த்ததில் எனக்குத் தோன்றியது இது.

கலிஃபோர்னியாவில் 58 கவுண்டிகள். நம்ம ஊர் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். குற்றவாளி மேல் வழக்கு நடத்துவது, தண்டனை கொடுப்பது எல்லாம் கவுண்டி அளவில் நடக்கும். அவனைக் கவுண்டி ஜெயிலில் வைத்தாலோ, வெளியே விட்டு நன்னடத்தை அதிகாரி மூலம் கண்காணித்தாலோ செலவு கவுண்டிக்கு. மாநிலச் சிறைக்கு அனுப்பினால் செலவு மாநிலத்துக்கு. அனுப்புகிறவன் ஒருவன், காசு கொடுக்கிறவன் இன்னொருவன். ஃபிராங்க்ளின் ஸிம்ரிங் என்கிற பேராசிரியர் இதற்கு வைத்த பெயரே 'இலவச சாப்பாடு'தான். நாலு முட்டை கதை!

இதோடு 1994ல் 'மூன்றாவது முறை மாட்டினால் ஆயுள்' என்கிற கடுமையான சட்டமும் வந்தது. கடைசியில் சுமார் 80,000 பேருக்காகக் கட்டின 33 சிறைகளில் ஏறக்குறைய 1,56,000 பேர். உடற்பயிற்சிக் கூடங்களில் மூன்றடுக்குக் கட்டில் போட்டுப் படுக்க வைத்தார்கள். தற்கொலை செய்துகொள்ளக் கூடியவர்கள் என்று தெரிந்த கைதிகளை, இடம் இல்லாமல், டெலிபோன் பூத் அளவுக் கூண்டில் நிற்க வைத்தார்கள். ஒழுங்கான வைத்தியம் கிடைக்காமல் ஆறேழு நாளுக்கு ஒரு கைதி அநியாயமாகச் செத்தான் என்று நீதிமன்றப் பதிவே சொல்கிறது. 2011 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. இரண்டு வருடத்துக்குள் கூட்டத்தை, கட்டின அளவில் 137.5 சதவீதத்துக்குக் குறைத்தாக வேண்டும்.

மாநில அரசு கொண்டுவந்த வழிதான் 'ரீஅலைன்மென்ட்'. 2011 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்தது. சிறைக் கதவைத் திறந்து எல்லோரையும் முன்கூட்டியே ஓட விட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வன்முறை, கடுங்குற்றம், பாலியல் குற்றம் ஆகிய மூன்றும் அல்லாத குற்றங்களுக்குத் தண்டனை பெறுகிறவர்கள் இனி கவுண்டி ஜெயிலிலேயே இருக்கட்டும் என்றார்கள். அதே மாதிரிக் குற்றங்களுக்காக ஏற்கெனவே மாநிலச் சிறையில் இருந்தவர்கள் தண்டனை முடிந்து வெளியே வரும்போது, அவர்களை மாநில பரோல் அதிகாரிக்குப் பதில் கவுண்டி நன்னடத்தை அதிகாரி பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள்.

ஒரு விளக்கம். நம்ம ஊரில் பரோல் என்றால் கைதி கல்யாணம், சாவு என்று லீவில் வெளியே வருவது. அங்கே பரோல் என்பது தண்டனை முடிந்து வெளியே வந்த பிறகு இருக்கும் கண்காணிப்புக் காலம். அதில் சின்ன விதியை மீறினால்கூட முன்பெல்லாம் நேராக மாநிலச் சிறைக்குத் திரும்ப வேண்டும். புதிய சட்டத்தில் பெரும்பாலோருக்கு அது கிடையாது. கவுண்டி ஜெயிலில் சில நாள், சில வாரம். நன்னடத்தை அதிகாரி தானே போடக்கூடிய பத்து நாள் 'குட்டித் தண்டனை'யும் உண்டு.

முதல் வருடத்திலேயே மாநிலச் சிறைகளில் சுமார் 27,000 பேர் குறைந்தார்கள். பில் அனுப்புகிறவனிடமே பில்லைக் கொடுத்ததால் வந்த மாற்றம். இதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். பழையபடி எல்லோரையும் உள்ளே அடைப்பதுதான் சரி என்று சொல்கிறவர்களுக்கு ஒரே ஒரு தகவல். ரீஅலைன்மென்டுக்கு முன்னால், விடுதலையானவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் மூன்று வருடத்துக்குள் திரும்ப உள்ளே போனார்கள். அவ்வளவு செலவு செய்து கிடைத்த ரிசல்ட் அது.

சரி, சிக்கல் எங்கே? செலவும் பொறுப்பும் மாநிலத்திலிருந்து கவுண்டிக்கு இறங்கியது. ஆனால் தெருவில் ரோந்து போகிற போலீஸ் கவுண்டி மட்டும் இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே கவுண்டிக்குள் 88 நகரங்கள். சுமார் பாதி நகரங்களுக்குச் சொந்த போலீஸ். மீதிக்கு ஷெரிஃப் துறை ஒப்பந்தத்தில் போலீஸ் வேலை பார்க்கிறது. ஒரு தெரு தாண்டினால் ஊர் மாறும், யூனிஃபார்ம் மாறும், ரெக்கார்டு இருக்கிற அலுவலகம் மாறும். கார் திருடுகிறவனுக்கு இந்தக் கோடு எதுவும் தெரியாது. ஒரு ஊரில் தூங்கி, இரண்டாவது ஊரில் திருடி, மூன்றாவது ஊரில் விற்பான்.

இதை வெறும் பயமாகச் சொல்லவில்லை. கலிஃபோர்னியாவின் பொதுக் கொள்கை நிறுவனம் செய்த ஆய்வில், ரீஅலைன்மென்டால் வன்முறைக் குற்றம் கூடவில்லை என்று தெரிந்தது. கூடியது சொத்துத் திருட்டு, அதிலும் முக்கியமாக வாகனத் திருட்டு. அதாவது ஊர் எல்லையைச் சுலபமாகத் தாண்டுகிற குற்றம்தான் கூடியிருக்கிறது.

ஒவ்வொரு நகரமும் தனித்தனியாகக் கெடுபிடி செய்தால் என்ன ஆகும்? நம் வீட்டுக் குப்பையைப் பக்கத்து வீட்டு வாசலில் தள்ளுகிற கதைதான். பணக்கார ஊர் ரோந்தைக் கூட்டும், திருடன் அடுத்த ஊருக்குப் போவான். முதல் ஊரின் கமிஷனர் "குற்றம் குறைந்தது" என்று பெருமையாக அறிக்கை விடுவார். மொத்தக் கணக்கில் ஒரு கார்கூடக் குறைந்திருக்காது. நாலு முட்டை சிஸ்டம் மறுபடியும் வந்துவிட்டது, இந்த முறை நகரங்களுக்கு நடுவில்.

2017 பிப்ரவரியில் நடந்ததைப் பாருங்கள். கண்காணிப்பில் இருந்த ஒருவன் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் தன் உறவினரைக் கொன்றுவிட்டு அவர் காரை எடுத்துக்கொண்டு போனான். விட்டியர் என்கிற நகரத்தில் இன்னொரு வண்டியில் மோதினான். சாலை விபத்து என்று நினைத்து வந்த போலீஸ்காரர்களைச் சுட்டான். ஒருவர் இறந்துபோனார். இவன் முன்பு கொள்ளை வழக்கில் சிறைக்குப் போனவன். ஆனால் கடைசியாக உள்ளே போனது கார் திருட்டுக்காக. யார் கண்காணிப்பது என்று முடிவு செய்ய, கடைசிக் குற்றத்தைத்தான் முக்கியமாகப் பார்த்தார்கள். அதனால் கவுண்டி கண்காணிப்புக்கு வந்தான். விதியை மீறி மீறிப் பலமுறை குட்டித் தண்டனை அனுபவித்து, கொஞ்ச நாள் முன்னால்தான் வெளியே வந்திருந்தான்.

முதல் கொலை நடந்த இடத்தில் ஷெரிஃப் போலீஸ். இரண்டாவது இடத்தில் நகர போலீஸ். அவனைக் கண்காணித்தது கவுண்டி நன்னடத்தைத் துறை. ஒரு ஆளுக்கு மூன்று அலுவலகம். எல்லோரும் சேர்ந்து வேலை பார்த்திருந்தால் இது நடந்திருக்காது என்று அடித்துச் சொல்ல மாட்டேன், அது ஜல்லியடிப்பதாகிவிடும். ஆனால் ஒரு ஆள் திரும்பத் திரும்ப வழி தவறும்போது, "இவனை என்ன செய்யலாம்?" என்று எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து கேட்டாக வேண்டும்.

அப்படி ஒரு மேசை சட்டத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு கவுண்டியிலும் ஒரு குழு. தலைமை நன்னடத்தை அதிகாரி தலைவர். ஷெரிஃப், ஒரு நகர போலீஸ் தலைவர், அரசு வழக்கறிஞர், ஏழைகளுக்காக வாதாடும் அரசு வக்கீல், நீதிமன்றத்தின் பிரதிநிதி எல்லோரும் உறுப்பினர்கள். ஒரே ஒரு நகர போலீஸ் தலைவர் என்பதைக் கவனியுங்கள். 88 நகரத்துக்கும் ஒரு நாற்காலி. அதனால்தான் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் பக்கத்துப் பக்கத்து நகரங்கள் சேர்ந்து கூட்டுத் தனிப்படை அமைத்தன. தனித்தனியாகச் செய்ய முடியாத சின்ன ஊர்களும் ஆளுக்கொரு போலீஸ்காரரைக் கொடுத்தால், கண்காணிப்பில் இருக்கிறவர்களின் வீட்டுக்கு நேரில் போய்ப் பார்க்க ஒரு படை கிடைத்துவிடும். இது நல்ல யோசனை, நான் ஆதரிக்கிறேன். ஆனால் இரண்டு நிபந்தனை உண்டு.

முதலாவது, லிஸ்ட். நகரங்கள் சேர்ந்தால் முதலில் செய்வது ஒரு பொது லிஸ்ட் போடுவதுதான். லிஸ்டில் பேர் சேர்ப்பது சுலபம், எடுப்பது கஷ்டம். நாம் விளையாட்டாக ஒருவனைக் 'கேடி' என்று திட்டுகிறோமே, அது அந்தக் கால போலீஸ் பதிவேட்டில் இருந்த 'நோன் டெப்ரடேட்டர்' என்பதன் இரண்டு எழுத்து. அந்த லிஸ்ட் எப்படி ஒட்டிக்கொண்டது பாருங்கள், மொழியிலேயே ஏறிவிட்டது! கலிஃபோர்னியாவிலும் பல ஊர் போலீஸ் சேர்ந்து பயன்படுத்திய 'கால்கேங்' என்கிற ரவுடிப் பட்டியல் இருந்தது. 2016ல் மாநிலத் தணிக்கையாளர் அதைச் சோதித்தபோது, சேர்க்கப்பட்ட நாளில் ஒரு வயதுகூட ஆகாதவர்கள் என்று 42 பேர் பதிவாகியிருந்தார்கள். அதில் 28 பேர் "நான் ரவுடிக் கும்பலில் இருக்கிறேன்" என்று தாங்களே ஒப்புக்கொண்டதாக வேறு எழுதியிருந்தது. தொட்டிலில் இருந்தபடி வாக்குமூலம் :-)

சிரிக்கலாம். ஆனால் அந்த லிஸ்டில் இருக்கிற பெரியவனுக்கு அது வேலை, வாடகை வீடு, தினம் ஒரு சோதனை. ரீஅலைன்மென்ட் சட்டத்தில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. விடுதலையானவன் ஒரு வருடம் முழுக்க, ஜெயிலுக்குத் திரும்பும்படியான மீறல் எதுவும் செய்யவில்லை என்றால் அவன் கண்காணிப்பு முடிந்துவிடும். நகரங்களின் பொது லிஸ்டிலும் அதே நாளில் அவன் பேர் போக வேண்டும். யார் சேர்த்தார்கள், எதற்காகச் சேர்த்தார்கள் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, கணக்கு. ஒரு பக்கம் மட்டும் எழுதினால் அது கணக்கே இல்லை என்று பி.காம். முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். தனிப்படையின் அறிக்கையில் எத்தனை வீடு சோதித்தோம், எத்தனை பேரைப் பிடித்தோம் என்று மட்டும் இருந்தால், பிடிக்கிற எண்ணிக்கைதான் கூடும். எத்தனை பேர் ஒரு வருடம் தப்பில்லாமல் முடித்தார்கள், எத்தனை பேர் போதைச் சிகிச்சையில் சேர்ந்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பது அடுத்த பக்கத்தில் வர வேண்டும். சிறையிலிருந்து வெளியே வருகிறவனுக்கு அந்த மாநிலம் கொடுப்பது 200 டாலர். 1970களில் வைத்த தொகை அது. உள்ளே இருந்தபோது அவனுக்காக இன்றைய கணக்கில் வருடத்துக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் செலவாகிறது. கதவைத் தாண்டினதும் 200 டாலர், அப்புறம் வாசலில் நிற்கிற தனிப்படை. இது மட்டும் போதுமா?

இது ஏன் முக்கியம் என்று கேட்டால், மக்கள் பொறுமை அளவோடுதான் இருக்கும். 2014ல் அதே மாநில வாக்காளர்கள்தான் சின்னத் திருட்டுக்கும் போதைப்பொருள் வைத்திருப்பதற்கும் தண்டனையைக் குறைத்தார்கள். 2024 நவம்பரில் அதே மாநிலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானவர்கள், திரும்பத் திரும்பத் திருடுகிறவர்களுக்கு மறுபடி கடுமையான தண்டனை வேண்டும் என்று வாக்களித்தார்கள். அவர்கள் எல்லோரையும் இரக்கமில்லாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. மூன்றாவது தடவையும் கார் கண்ணாடி உடைந்தவனிடம் போய் "மொத்தப் புள்ளிவிவரம் பரவாயில்லை" என்று சொல்ல முடியாது. அவன் போலீஸுக்கு போன் போட்டால் "அவன் பக்கத்து ஊர் ஆள் சார்" என்று பதில் வந்தால், அடுத்த தேர்தலில் அவன் என்ன செய்வான்?

திரும்பத் திரும்பக் குற்றம் செய்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேரை ஊர்கள் சேர்ந்து ஒழுங்காகக் கவனிக்கவில்லை என்றால், திருந்த நினைக்கிற மீதிப் பேருக்கும் சேர்த்துக் கதவு மூடப்படும். டெலிபோன் பூத் கூண்டு மறுபடி வராது என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

போன மாதம் எங்கள் மெஸ்ஸில் டோக்கன் முறை கொண்டுவந்தார்கள். எடுக்கிற முட்டைக்குத் தனிக் காசு. முட்டைச் செலவு குறைந்துவிட்டது. ஆனால் என் ரூம்மேட் இப்போதெல்லாம் என் தட்டிலிருந்து எடுக்கிறான். ஊருக்கு ஊர் எல்லைச் சிக்கல் எங்கள் அறைக்குள்ளேயே வந்துவிட்டது. இதற்கு மட்டும் இன்னும் தீர்வு கண்டுபிடிக்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.