துப்பாக்கியின் உருவமும் உள்ளடக்கமும்

துப்பாக்கித் தடை விஷயத்தில் நம் எழுத்தாள நண்பர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். ஆயுதம் என்றாலே கூடாது, எல்லாவற்றையும் தடை செய் என்பது ஒரு கட்சி. ஆயுதமில்லாத பிரஜை அரைப் பிரஜை, வெள்ளைக்காரன் பிடுங்கியதைத் திருப்பிக் கொடு என்பது மறு கட்சி. தென்காசியில் நாலு பேர் இலக்கியம் பேச உட்கார்ந்தாலும் பேச்சு இங்கேதான் வந்து முட்டிக்கொள்கிறது. எந்தத் துப்பாக்கி, யார் கையில், எதற்காக என்று மட்டும் இரு தரப்பும் கேட்பதில்லை. துப்பாக்கியைப் படிமமாகவே வைத்துப் பழகியதன் விளைவு இது என்று எனக்குப் படுகிறது. படிமத்துக்கு லைசென்ஸ் தேவையில்லை அல்லவா?

இரண்டாவது கட்சியின் சரித்திரம் பாதி சரி. பாளையக்காரர்களை ஒடுக்கிய கையோடு 1801 டிசம்பரில் கம்பெனி அரசு தென்பாண்டிச் சீமையில் ஆயுதங்களைத் தடை செய்தது. 1878-ல் லிட்டன் பிரபு ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார். இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டும் சட்டத்தையும் அதே வருஷம் அவர்தான் போட்டார். பத்திரிகைச் சட்டம் ரிப்பன் காலத்தில் ஒழிந்தது. ஆயுதச் சட்டமோ சுதந்திரத்துக்குப் பின்னும் நீடித்து, 1959 சட்டம் வந்த பிறகுதான் போயிற்று. ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையைக் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு 1931 கராச்சி காங்கிரஸ் ஏற்றது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதை அடிப்படை உரிமையாக்கத் திருத்தம் கொண்டுவந்தார். தோற்றது.

அடுத்து வாஞ்சியை இழுப்பார்கள். 1911-ல் மணியாச்சியில் செங்கோட்டைக்காரர் கையிலிருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டல். சட்டம் என்ன கிழித்தது என்பார்கள். ஒரு பிஸ்டல் வந்து சேர ஒரு ரகசியச் சங்கமும் பாண்டிச்சேரித் தொடர்பும் தேவைப்பட்டன என்பதும் அதே உதாரணத்தில்தான் இருக்கிறது. எதிர்த் தரப்பின் சாட்சியைத் தன் சாட்சியாக நினைத்துக்கொள்வது விவாதமல்ல.

உருவமா உள்ளடக்கமா என்று நாம் இந்தப் பக்கங்களில் அடித்துக்கொண்ட சண்டை துப்பாக்கிச் சட்டத்துக்கு நேராகப் பொருந்தும். நம் ஆயுத விதிகள் எதைத் தடை செய்கின்றன? .303, 7.62 மில்லிமீட்டர், இன்னும் ராணுவ போலீஸ் தோட்டாக்களை ஏற்கக்கூடிய எந்தக் குழலையும். இப்படி ஒதுக்கியதில் .315 ரைஃபிள் தனியாருக்குக் கிடைத்தது. மனித உடம்பைப் பொறுத்தவரை .303-க்கும் .315-க்கும் வித்தியாசம் பார்ப்பது கேலிக்கூத்து. அரசின் தோட்டா களவு போனால் ஊரில் எந்தக் குழலிலும் நுழையக்கூடாது என்பதே இந்தப் பாகுபாட்டின் தர்க்கம். பிரிட்டிஷார் .450 ரகத்தை இந்தியாவுக்குள் விடாமல் நிறுத்தியபோது லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் .465, .470 என்று விட்டத்தை மாற்றி வேட்டைக்காரத் துரைமார்களுக்கு விற்றன. இலக்கம்தான் மாறியது, யானை செத்துக்கொண்டுதான் இருந்தது.

அமெரிக்கர்களும் உருவத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். 1994-ல் அவர்கள் போட்ட தடை, ரைஃபிளுக்குப் பிஸ்டல் பிடி உண்டா, பயனெட் மாட்டும் கொக்கி உண்டா, மடக்கும் கட்டை உண்டா என்று அங்க லட்சணம் பார்த்தது. கம்பெனிகள் கொக்கியை எடுத்துவிட்டு அதே ரைஃபிளை விற்றன. பத்துக்கு மேல் தோட்டா கொள்ளும் மாகஸினைத் தடுத்த ஷரத்து ஒன்றுதான் ஆயுதத்தின் காரியத்தைப் பார்த்தது. 2004-ல் சட்டமே காலாவதியாயிற்று. ஆஸ்திரேலியாவில் 1996-ல் போர்ட் ஆர்தரில் 35 பேர் செத்த பிறகு, தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள்களையே தடை செய்து, சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளை அரசு விலைகொடுத்து வாங்கி அழித்தது. உள்ளடக்கத்தைப் பார்த்த சட்டம் அது. தடையே வீண் என்று சொல்லும் நண்பர்கள் இதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

நம் மலையடிவாரத்துக்கு வருவோம். மேக்கரை, வடகரைப் பக்கம் தென்னையும் வாழையும் வைத்தவனுக்குக் காட்டுப்பன்றி ஒரு குறியீடு அல்ல. புளியரை தாண்டி ஆரியங்காவு போனால், 2022 முதல் லைசென்ஸ் உள்ளவரைக் கொண்டு பன்றியைச் சுடச் சொல்லும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்கு உண்டு. இங்கே 2025 ஜனவரியில் அரசு எடுத்த முடிவின்படி, காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறைதான் சுடலாம். காட்டை ஒட்டிப் பயிர் செய்பவனுக்கு அந்த மூன்று கிலோமீட்டருக்குள்தான் வயலே இருக்கிறது. சட்டம் கைவிட்ட இடத்தில் அவுட்டுக்காயும் மின்வேலியும் வந்து நிற்கின்றன. அவை பன்றி, யானை, மனிதன் என்று பார்ப்பதில்லை. ஆகவே ஆளுக்கொரு துப்பாக்கி கொடு என்று நான் சொல்லவில்லை. ஊர் முழுவதற்கும் பொறுப்பேற்கிற ஒரு துப்பாக்கியும் ஒரு கணக்கும் கேட்கிறேன். எல்லாவற்றையும் தடை செய் என்கிற கவிஞர் மேக்கரைக்கு ஒரு ராத்திரி காவலுக்குப் போய்விட்டு வந்து பேசட்டும்.

கணக்கு என்றேன். நான் குமாஸ்தா, எனக்கு அந்த வார்த்தையில் நம்பிக்கை. எங்கள் கிளை வாசலில் உட்கார்ந்திருக்கும் முன்னாள் ராணுவத்தாரின் 12 போர் துப்பாக்கிக்கு லைசென்ஸ் உண்டு, புதுப்பிக்கும் தேதி உண்டு, தோட்டாவுக்கு எண்ணிக்கை உண்டு. 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்த 13 பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். வேன் கூரைமேல் மஞ்சள் சட்டையில் ஒருவர் ரைஃபிளைக் குறிபார்த்த காட்சியை நாடே பார்த்தது. யார் உத்தரவில், யார், எத்தனை சுற்று சுட்டார்கள் என்று அறிய அருணா ஜெகதீசன் ஆணையமும் நாலு வருஷமும் வேண்டியிருந்தது. ஓடுகிறவர்களையும் சுட்டார்கள் என்று ஆணையம் சொன்னது. 17 போலீஸார் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது.

இதற்கு நடுவில், 2019 டிசம்பரில் பாராளுமன்றம் ஆயுதச் சட்டத்தைத் திருத்தியது. தனியாருக்கு மூன்று துப்பாக்கி இரண்டாயிற்று. மசோதாவில் ஒன்று என்றிருந்தது, கூச்சலுக்குப் பின் இரண்டாக்கினார்கள். போலீஸ்காரர் கையிலிருந்து துப்பாக்கியைப் பறித்தால் பத்து வருஷம் முதல் ஆயுள்வரை தண்டனை. இருக்கட்டும், நியாயம்தான். அதே துப்பாக்கி ஓடுகிறவன் முதுகைப் பார்த்துத் திரும்பினால் என்ன என்பதற்கு அந்தத் திருத்தத்தில் ஒரு வரி இல்லை. "தடை செய்யப்பட்ட ரகம்" என்பதன் முழு அர்த்தம் அன்று எனக்குப் புரிந்தது: நமக்குத் தடை செய்யப்பட்டது.

ரைஃபிளைத் தடை செய்ய வேண்டுமா என்றால், வேண்டும். விட்டத்தைப் பார்த்து அல்ல, செய்யும் காரியத்தைப் பார்த்து. ஒரு முறை நிரப்பினால் எத்தனை சுடும், எவ்வளவு தூரம் கொல்லும் என்று கேட்டுப் பிரிக்க வேண்டும். முதலில் தடை செய்ய வேண்டியது ஜனக்கூட்டத்துக்கு எதிரே எடுத்துவரப்படும் ரைஃபிளை. இதைச் சொல்லாமல் அகிம்சை பேசுகிறவர்களும் வீரம் பேசுகிறவர்களும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள்: மிகப் பெரிய துப்பாக்கிக் குவியலின் மேல் துணியைப் போர்த்திவிட்டு, பக்கத்து வீட்டுக்காரனின் ஒற்றைக்குழலைப் பற்றி விவாதிக்கிறார்கள்.