சுன்னத்தா? எனக்கா?

இந்தப் பதிவு கொஞ்சம் பச்சையாக இருக்கும். முகம் சுளிப்பவர்கள் சுளித்துக்கொண்டே படியுங்கள். குறிப்பாக நாற்பதைத் தாண்டி சர்க்கரை மாத்திரை போடும் ஆம்பளைகள்.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவனுக்கு சிறுநீரிலும் சர்க்கரை இறங்கும். முன்தோலுக்கு அடியில் அந்த ஈரத்தில் பூஞ்சை வளரும். அரிப்பு, வெடிப்பு, ஆறினால் மறுபடி வெடிப்பு. கடைசியில் தோல் தழும்பாகி இறுகி, பின்னால் தள்ளவே வராது. பைமோசிஸ் என்று பெயர். சிலருக்கு சர்க்கரை இருப்பதே இப்படித்தான் தெரிய வருகிறது. 2020-ல் காப்புரிமை முடிந்தபின் டாபாகிளிஃப்ளோசின் மாத்திரை மலிவாகிவிட்டது. நல்ல மாத்திரைதான், ஆனால் அது வேலை செய்வதே சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளித்தான். பூஞ்சையும் கூடவே வரலாம். 2023-ல் வெளிவந்த ஐசிஎம்ஆர் ஆய்வுப்படி நாட்டில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை. ஆக, இது யாரோ நாலு பேர் சமாச்சாரம் இல்லை.

ஆரம்பத்தில் களிம்பு போதும். நன்றாக இறுகிவிட்டால் முன்தோலை எடுக்கச் சொல்வார் டாக்டர். மரப்பு ஊசி, ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடியும், பெரும்பாலும் அன்றைக்கே வீடு. ஆறு வாரம் மனைவியிடமிருந்து தள்ளிப் படுக்க வேண்டும். அவ்வளவுதான்.

நம்மாள் செய்துகொள்வானா? மாட்டான்.

இங்கே பவானிபூரில் எனக்குத் தெரிந்த நம்மூர்க்காரர் ஒருவர், இரண்டு வருஷமாகச் சீட்டில்லாமல் ட்யூப் ட்யூபாக வாங்கிப் பூசிக்கொண்டிருக்கிறார். கத்திக்குப் பயமா என்றால் இல்லை, ஹெர்னியாவுக்கு வயிற்றைக் கிழித்துக்கொண்டவர். "ஊருக்குப் போனா எங்கப்பா என்ன நினைப்பாரு?" என்கிறார். அப்பா எதுக்கய்யா பார்க்கப் போகிறார்!

பிரச்சினை கத்தியில் இல்லை, சொல்லில் இருக்கிறது. தமிழில் சுன்னத் என்றால் முஸ்லிம் வீட்டு விசேஷம். விருத்தசேதனம் என்றால் பைபிள். முன்தோல் நீக்கம் என்று ஆஸ்பத்திரிக் காகிதத்தில்தான் இருக்கும். வங்காளத்தில் இன்னும் மோசம், பேச்சுவழக்கில் அதன் பெயரே 'முஸல்மானி'! டாக்டர்பாபு வாயைத் திறந்தாலே இந்து நோயாளி மதம் மாறச் சொன்ன மாதிரி எழுந்துவிடுகிறான். இந்தப் பயத்துக்கு வரலாறு உண்டு. 1946 ஆகஸ்ட் கலவரத்திலும் அடுத்து வந்த பிரிவினையிலும், துணியை அவிழ்த்துப் பார்த்து ஆளை முடிவு செய்தார்கள். அந்தப் பயத்தை நான் கிண்டல் செய்யவில்லை. ஆனால் புண்ணோடு கிடக்கும் சர்க்கரைக்காரனுக்கு அது வைத்தியமாகுமா?

இதைவிடப் பெரிய காயத்தோடு இருந்தவர்களே மாறியிருக்கிறார்கள். கென்யாவில் விக்டோரியா ஏரிப்பக்கம் வாழும் லூவோ மக்களிடம் இந்த வழக்கம் கிடையாது. அதைச் சொல்லியே மற்றவர்கள் அவர்களை 'சின்னப் பசங்க' என்று அரசியலில் கேலி செய்தார்கள். 2007 தேர்தலை ஒட்டிய கலவரத்தில் லூவோ ஆண்களைப் பிடித்துக் கட்டாயமாக வெட்டிய கொடுமையும் நடந்தது. அதே சமயம், இந்தச் சிகிச்சை ஆண்களுக்கு எச்ஐவி தொற்றும் வாய்ப்பை ஏறத்தாழ 60% குறைக்கிறது என்று ஆப்பிரிக்காவில் மூன்று இடங்களில் நடந்த ஆய்வுகள் காட்டியிருந்தன. 2008-ல் பிரதமராக இருந்த ரைலா ஒடிங்கா, அவரே லூவோ, வெளிப்படையாக ஆதரித்துப் பேசினார். சடங்காக அல்லாமல் இலவச மருத்துவமாகக் கொடுத்தார்கள். நியான்சா மாகாணத்தில் 2007-ல் பாதிக்கும் கீழே இருந்த கணக்கு 2012-ல் மூன்றில் இரண்டு பங்கை எட்டியது. கூலி போகுமே என்ற கவலை அங்கேயும் ஆண்களைத் தடுத்தது. பெண்டாட்டி சொல் பலரைக் கிளப்பிவிட்டது.

எச்ஐவிக்காக இந்தியாவில் எல்லாரும் செய்துகொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை, இங்கே தொற்று அவ்வளவு பரவலில்லை. தோல் இறுகினவனுக்குச் சொல்கிறேன். ஆண்குறிப் புற்றுநோய் அரிதுதான், ஆனால் இறுகிய முன்தோல் அதற்கு முக்கியமான வாசல். உள்ளே கட்டி வளர்ந்தாலும் வெளியே தெரியாது. கூச்சப்பட்டு முற்றவிட்டு, ஹாஸ்ரா முனைப் புற்றுநோய் ஆஸ்பத்திரி மாதிரி ஓரிடத்துக்குப் போனால் எடுப்பது தோலை மட்டுமாக இருக்காது, சாமி.

டாக்டர்களுக்கும் ஒன்று. "ஒரு சின்ன ஆபரேஷன்" என்று மென்று முழுங்காதீர்கள். எதை, எதற்காக எடுக்கிறீர்கள் என்று படம் போட்டுச் சொல்லுங்கள்.

வீட்டம்மாக்களே, அடுத்த முறை சர்க்கரை டாக்டரிடம் அவர் போகும்போது நீங்களும் உள்ளே போய் உட்காருங்கள். அவர் மறைத்தால் நீங்கள் சொல்லுங்கள். சீட்டில் 'பைமோசிஸ்' என்று தெளிவாக எழுதி வாங்குங்கள். நோய்க்காகச் செய்தது என்று எழுத்தில் இல்லாவிட்டால் இன்ஷூரன்ஸ்காரன் பைசா தரமாட்டான்.