சுரங்க நீரும் கிருமி காட்டும் சிறு கருவியும்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியிலுள்ள ஊற்றுநீர் பெரும் அழுத்தத்துடன் மேல்நோக்கி உந்துகிறது. சுரங்கத்தின் தரை பெயராதிருக்க அந்நீரை இடைவிடாது இறைத்தாக வேண்டும். சுரங்கத்திலிருந்து வெளியேறும் நீர் வாய்க்கால் வழியே சென்று சுற்றுப்புற வயல்களுக்கும், வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி ஆகியவற்றுக்கும் பயன்படுகிறது.

ஆழத்து ஊற்றில் மலக்கிருமிகள் காணப்படுவது அரிது. ஆயினும், திறந்த வாய்க்காலில் மனிதர், கால்நடைகளின் கழிவு கலக்கக்கூடும். ஆதலின், தலைமடையில் தூய்மையாயிருந்த நீர் கடைமடையிலும் அவ்வாறே இருக்குமென்று கொள்வதற்கில்லை. வயலில் உழைப்போர் தாகமெடுத்தால் அள்ளிப் பருகக்கூடியது கடைமடை நீரேயாகும்.

இந்திய தர நிர்ணய அமைவனத்தின் 2012ஆம் ஆண்டு விதிப்படி, 100 மில்லிலிட்டர் குடிநீரில் ஈ.கோலை என்னும் மலக்கிருமி ஒன்றேனும் தென்படலாகாது. ஆய்வுக்கூடத்தில் கிருமியை வளர்த்துக் காண ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். அதற்குள் அந்நீர் பருகப்பட்டுவிடும். இக்குறையைத் தீர்க்கும்பொருட்டே நுண் உணரிகள் உருவாக்கப்பட்டு வருகின்றன. கிருமியைப் பற்றும் புரதம் பூசிய சிறு பரப்பில் கிருமி ஒட்டியதும் மின்னோட்டமோ ஒளியோ மாறுபடுவதே இவற்றுட் பலவற்றின் தத்துவம்.

எனினும், கருவி சிறிதாயிருத்தல் மட்டும் பெருமையன்று. 100 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 2,000 துளிகள் உள. ஒரு துளியை மட்டும் நோக்கி எஞ்சியவற்றுக்கும் தூய்மைச் சான்று வழங்குதல் பொருந்தாது. முதலில் நீரை வடிகட்டிக் கிருமிகளை ஒன்றுசேர்க்க வேண்டும். குளோரினால் மடிந்த கிருமியையும் உயிருள்ளதையும் பிரித்தறிய வேண்டும். கலங்கல் நீரிலும் பிழையாதிருக்க வேண்டும். ஆதலின், இக்கருவிகளை ஆய்வுக்கூடத்துத் தெளிநீரில் மட்டுமன்றி, நெய்வேலிக் கடைமடைகளிலும் கோடை, மழை இருபருவத்தும் சோதித்த பின்னரே கிராமங்களுக்கு வழங்குதல் முறை.

அதுவரை, 1982இல் மஞ்சா முதலிய இந்திய விஞ்ஞானிகள் வெளியிட்ட எளிய குப்பிச் சோதனையைக் கைவிடலாகாது. குப்பியிலிட்ட நீர் கறுப்பின் மலக்கலப்பு உண்டென ஐயுற வேண்டும். கறுக்காவிடினும் வாய்க்கால் நீரைக் கொதிக்க வைக்காமல் பருகலாகாது. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம், நீர்ச்சோதனைப் பயிற்சியைக் கிராமப் பெண்களுக்கே அளிக்க வகை செய்தது. நாளைய உணரியும் அவர்கள் கையில் இருத்தல் வேண்டும். நீரைப் பருகுவோரிடம் முடிவு உடனே சேராவிடின், எத்துணை நுண்ணிய கருவியாலும் பயனில்லை.