அடுப்பங்கரைப் புகைக்கு வழி விடுங்கள்



"இந்தக் காலத்துல யாருங்க விறகு அடுப்பு மூட்டுறா? எல்லார் வீட்டிலயும்தான் கேஸ் வந்திருச்சே!" என்று பட்டணத்து நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவரை ஒரு நாள் சாயங்காலம் நம் லயத்துப் பின்பக்கமாக அழைத்து வந்து நிறுத்த வேண்டும் என்று நினைத்துக் கொண்டேன். கேஸ் அடுப்பு இருக்கிறது, உண்மைதான். ஆனால் 14 கிலோ தோம்பு மாதக் கடைசி வரை தாங்க வேண்டுமே! ஆகவே குளிக்க வெந்நீர், மாட்டுக்குக் கஞ்சி, ஞாயிற்றுக்கிழமைக் கறி எல்லாம் பின்கட்டு விறகடுப்பில்தான். தீபாவளி, திருவிழா என்றால் கேட்கவே வேண்டாம். மழை பிடித்துக் கொண்டால் அந்த அடுப்பு வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது.

விறகடுப்பை ஒழித்துவிடுங்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அப்படிச் சொல்வது சுலபம். தோம்பு வாங்கக் காசு கொடுப்பது யார்? நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று: அடுப்பு இருக்கட்டும், புகை வீட்டில் இருக்கக் கூடாது. அது வெளியேற ஒழுங்கான வழி வேண்டும். அந்த வழியை ஏனோதானோ என்று அமைத்தால், இல்லாததை விட அது மோசம்.

என் தாயார் காலையில் பால் வெட்டப் போவதற்கு முன்பே அடுப்பு மூட்டியவர். ஊதாங்குழலும் கையுமாக ஊதி ஊதி, கண்ணைத் துடைத்துக் கொண்டு சமைத்தவர். ஐம்பது வயதைத் தாண்டியதும் இருமல் விடவில்லை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. தோட்டத்து டிரசர் இருமல் மருந்து கொடுத்தார், கொடுத்தார், கொடுத்துக் கொண்டே இருந்தார். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா ரொம்ப வருஷமா சிகரெட் பிடிப்பாங்களா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வாழ்நாளில் ஒரு சிகரெட்டைத் தொடாத மனுஷி அவர். அடுப்புப் புகையே அவர் நுரையீரலை அடைத்துவிட்டது என்று பிறகுதான் புரிந்தது.

"எங்க பாட்டி புகையிலேயே சமைச்சு எண்பது வயசு வரைக்கும் இருந்தாங்க" என்று சிலர் வாதம் பண்ணுவார்கள். இருந்திருப்பார்கள், மகிழ்ச்சி. சீக்கிரம் போனவர்களை யார் எண்ணி வைத்தார்கள்? வீட்டுக்குள் விறகு, கரி போன்றவற்றை எரிப்பதால் வரும் புகை காரணமாக 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேல் ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகள். இருமல், மூச்சடைப்பு மட்டுமல்ல, இருதய நோய், பக்கவாதம், கண்ணில் புரை இவற்றுக்கும் இந்தப் புகைக்கும் தொடர்பு உண்டு. அடுப்பின் பக்கத்தில் நிற்பது யார்? தாய். அவள் இடுப்பில் இருப்பது யார்? கைக்குழந்தை. இதற்கு மேல் நான் என்ன சொல்ல!

கேமரன் மலைப் பக்கம் போனவர்கள் பழைய வெள்ளைக்காரர் பங்களாக்களைப் பார்த்திருப்பீர்கள். குளிர் காய்வதற்காகச் சுவரிலே கணப்பு கட்டி, அதன் மேல் கூரைக்கு மேலே எழும்புகிற செங்கல் புகைபோக்கியும் வைத்திருப்பார்கள். குளிர் தேசங்களில் இன்றும் அந்தப் பழைய கணப்புக்குள் கதவு வைத்த இரும்புப் பெட்டி ஒன்றைச் செருகி, அதிலிருந்து குழாய் ஏற்றி, விறகு எரிக்கிறார்கள். காற்று அளவாகப் போகிறது, விறகு குறைவாகச் செலவாகிறது, புகை மேலே போய்விடுகிறது. ஆசைக்குக் குளிர் காய்கிறவனுக்குப் புகைபோக்கி அவசியம் என்று அன்றைக்கே தெரிந்திருந்தது. மூன்று வேளையும் அடுப்பு எரிகிற லயத்துக்கு மட்டும் ஏனோ அது தேவைப்படவில்லை!

சரி, புகைபோக்கி எப்படி வேலை செய்கிறது? சூடான காற்று லேசானது, மேலே ஏறும். அது குழாய் வழியாக ஏறும்போது கீழே அடுப்பு வாயிலிருந்து புதுக் காற்றை இழுக்கும். அந்த இழுப்புதான் எல்லாம். குழாய் உயரமாகவும் நேராகவும் இருந்தால் இழுப்பு நன்றாக இருக்கும். ஒவ்வொரு வளைவும் இழுப்பைக் குறைக்கும். குழாய் கூரையைத் தாண்டி 3 அடியாவது மேலே நிற்க வேண்டும். பத்தடிக்குள் கூரை முகடோ வேறு கட்டடமோ இருந்தால், அதைவிட 2 அடி உயர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று அடிக்கும்போது புகை திரும்பி வீட்டுக்குள் இறங்கும். குழாயின் உச்சியில் மழைத் தொப்பி அவசியம். அடுப்பும் மூன்று கல் அடுப்பாக இருந்தால் பயனில்லை. செங்கல்லும் களிமண்ணும் வைத்து மூன்று பக்கமும் மூடி, பானை இடைவெளி இல்லாமல் உட்காருகிற மாதிரி வாய் வைத்துக் கட்ட வேண்டும். பானையை இறக்கினால் அந்த வாயை மூடி போட்டு மூட வேண்டும். ஐதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்ற பொறியாளர் 1950-களிலேயே இப்படிப் புகையில்லா அடுப்பு ஒன்றை அமைத்துக் காட்டினார். இது ஒன்றும் ராக்கெட் வித்தை இல்லை.

ஆனால் பாருங்கள், இங்கேதான் ஆபத்து. எனக்குத் தெரிந்த ஒரு லயத்தில் ஒருவர் மழைத்தண்ணீர்த் தகரக் குழாயை வைத்துத் தானே புகைபோக்கி போட்டார். கூரையை வெட்டப் பயந்து குழாயை மேல்கூரைக்குக் கீழேயே நிறுத்திவிட்டார். அவர் வீட்டில் புகை இல்லை, பக்கத்து வீட்டில்தான் புகை! லயத்து வீடுகளுக்கு மேல்பக்கம் பொதுவாக இருப்பது அவர் ஞாபகத்துக்கு வரவில்லை. சில மாதம் கழித்துப் பார்த்தால் குழாய் ஒட்டியிருந்த பலகைச் சுவர் கரிந்து கறுத்திருந்தது. பலகை உடனே தீப்பற்றாது. நாள்தோறும் சூடு பட்டுப் பட்டு உலர்ந்து, ஒருநாள் திடீரென்று பற்றிக் கொள்ளும். நல்லவேளை, அதற்குள் கண்டுபிடித்தார்கள். ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் பலகைக்கும் இடையே 18 அங்குல இடைவெளி வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பழைய கூரைத் தகடு ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டாக இருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். வெட்டினால் பறக்கும் தூசி புற்றுநோயைக் கொண்டு வரும். கடும் சூடு பட்டால் அந்தத் தகடு வெடித்துச் சிதறும்.

ஆகவே இதை நீங்களாகச் செய்யாதீர்கள். செய்யவும் கூடாது. தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்கான 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டப்படி, கட்டடத்தைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் கடமை. அனுமதியில்லாமல் யாரும் வீட்டை மாற்றிக் கட்டக் கூடாது என்பதும் அதில் உண்டு. இதை நிர்வாகம் நமக்கு எதிராகத்தான் பலமுறை சொல்லும். நாம் அதையே அவர்களிடம் திருப்பிச் சொல்வோம்: "நாங்க கூரையை வெட்டக் கூடாதுன்னா, நீங்க வெட்டிக் குடுங்க!" லயத்தில் எத்தனை வீட்டில் விறகடுப்பு எரிகிறது, எத்தனை வீட்டுக்குப் புகை போக வழி இல்லை என்று எண்ணி, கிளைச் செயலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். தனித்தனியாகக் கிராணியிடம் போய்ச் சொன்னால் அது காற்றோடு போய்விடும். புகைபோக்கி கேட்பது சொகுசு கேட்பதல்ல. சம்பளம் கேட்பதைப் போலவே நியாயமானது என்பது என் கருத்து. சில தோழர்கள் "இதெல்லாம் பொம்பளைங்க விஷயம்" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கூட்டத்துக்கு உங்கள் வீட்டம்மாவையும் அழைத்து வந்து பேச விடுங்கள்.

அது வரும் வரை என்ன செய்வது? அடுப்பை வீட்டை விட்டுத் தள்ளி, மேலே தகரம் போட்டு, பக்கங்களைத் திறந்து விட்டு எரியுங்கள். மழைக்காக நாலு பக்கமும் கித்தான் கட்டினால் மறுபடியும் அதே புகைக்கூண்டுதான்.

விறகைப் பற்றி ஒரு வார்த்தை. பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். அதை எரித்தால் நெருப்பின் சூடு தண்ணீரை விரட்டவே சரியாகிவிடும், மீதி புகை. அந்தப் புகை குழாய்க்குள் தாராகப் படிந்து, ஒருநாள் குழாயே தீப்பற்றும். ஆகவே படிவு தடிக்க விடாமல் குழாயை அடிக்கடி துடைத்துவிடுங்கள். ரப்பர் கட்டையை வெட்டியதும் பிளந்து, தரையில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் மூடிக் காயவிடுங்கள். பிளக்காமல் போட்டால் பூஞ்சையும் வண்டும் பிடித்துவிடும். நுனியில் வெடிப்பு விழுந்து, தட்டினால் 'டங்' என்று ஒலித்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், டயர், பிளாஸ்டிக் பை, ஒட்டுப்பால் எதையும் அடுப்பில் போடாதீர்கள். ஒட்டுப்பால் நன்றாகப் பற்றும், தெரியும், நானும் சின்ன வயதில் போட்டிருக்கிறேன். அதன் கரும்புகை சோற்றுப் பானைக்கு ஆகாது, நெஞ்சுக்கும் ஆகாது. பச்சை நிறம் ஓடிய மருந்தடித்த மரத்தில் ஆர்சனிக் நஞ்சு இருக்கலாம். அது சாம்பலிலும் தங்கும். பராகுவாட் களைக்கொல்லி 2020-இல் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் பழைய மருந்து டின்கள் இன்னும் சில வீடுகளில் வெந்நீர் காய்ச்சக் கிடக்கின்றன. தயவு செய்து இன்றைக்கே அவற்றை அப்புறப்படுத்துங்கள். ஈர விறகு பற்றவில்லை என்று புல்வெட்டி மெஷினுக்கு வைத்திருக்கும் பெட்ரோலை ஊற்றுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: நெருப்பு விறகிலிருந்து உங்கள் கைக்கு ஓடி வர ஒரு நொடி போதும்.

புகையே இல்லாத நெருப்பும் கொல்லும். கனன்று கொண்டிருக்கும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வருகிறது. அதற்கு நிறமில்லை, வாடையில்லை. பிள்ளை பெற்றவளுக்குச் சூடு காட்டவும், குழந்தைக்குச் சாம்பிராணி போடவும், கொசு விரட்டவும் கரிச்சட்டியைக் கதவடைத்த அறைக்குள் வைக்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. நம்மோடு வேலை செய்யும் வெளிநாட்டுத் தோழர்களும் தங்கள் அறைக்குள்ளேயே கரியடுப்பு வைத்துச் சமைப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். ஒரே அறையில் இருந்த இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாகத் தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் வந்தால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று படுத்துவிடாதீர்கள். உடனே எல்லாரையும் திறந்த வெளிக்குக் கொண்டு வந்து, 999-க்கு அழையுங்கள்.

சாம்பலை அள்ளிப் பிளாஸ்டிக் வாளியில் போடாதீர்கள். உள்ளே தணல் இரண்டு மூன்று நாள்கூட உயிரோடு இருக்கும். மூடியுள்ள தகர டின்னில் போட்டு வெளியே வையுங்கள்.

பிள்ளைக்குச் சுட்டுவிட்டால் பற்பசை, கிச்சாப்பு, வெண்ணெய் எதையும் பூசாதீர்கள். வளையல், அரைஞாண் எதுவானாலும் வீங்குவதற்கு முன் கழற்றிவிட்டு, ஓடும் குழாய்த் தண்ணீரில் முழுதாக 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் மூடி கிளினிக்குக்குத் தூக்கிப் போங்கள். முகம், கை, மூட்டு, மறைவிடம் சுட்டிருந்தாலோ, பிள்ளையின் உள்ளங்கையை விடப் பெரிய காயமாக இருந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தோட்டத்து லோரி டிரைவரை ராத்திரியானாலும் எழுப்பலாம்.