திரை போனால் மெஷினும் போச்சா? பின்பாலுக்கு வீட்டிலேயே தயாராகும் புது டிஸ்ப்ளே

விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர் பயன்படுத்தியவர்களுக்கு ‘ஸ்பேஸ் கேடட்’ கேம் நினைவிருக்கும். பந்தை ஏவிவிட்டு, அது கீழே விழுந்துவிடாமல் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான் பின்பால். அதன் நிஜ வடிவம், கண்ணாடி மூடிய சரிவு மேசையும் உருண்டோடும் இரும்புக் குண்டும் கொண்ட கனமான மெஷின். அமெரிக்காவின் சிகாகோதான் இந்தத் தொழிலின் தலைநகரம்.

அந்த மெஷின்களில் இன்று முதலில் உயிரை விடுவது பெரும்பாலும் திரைதான். அதற்குப் பதிலாக ஆர்வலர்கள் வீட்டிலேயே புது டிஸ்ப்ளே செய்து மாட்டுகிறார்கள். இது எப்படிச் சாத்தியமாகிறது?

பழைய திரையில் என்ன பிரச்சினை?

1991-ல் பின்பால் மெஷின்களுக்குப் புள்ளித் திரை வந்தது. டேட்டா ஈஸ்ட் நிறுவனத்தின் ‘செக்பாயின்ட்’ முதலில் அதைக் கொண்டுவந்தது. விரைவிலேயே 128-க்கு 32, அதாவது 4,096 ஆரஞ்சுப் புள்ளிகள் என்பதே வழக்கமானது. 20,000-க்கும் மேல் விற்ற ‘ஆடம்ஸ் ஃபேமிலி’யில் (1992) இருப்பதும் இதே அளவுதான்.

கண்ணாடிக்குள் அடைத்த வாயுவை மின்சாரத்தால் ஒளிரச் செய்யும் பிளாஸ்மா திரை அது. வில்லியம்ஸ் மெஷின்களில் இதற்காகவே +62, -113, -125 வோல்ட் என மூன்று மின்னழுத்தங்கள் உண்டு. வயதானால் வரி வரியாகப் புள்ளிகள் மறையும். மின்சாரம் தரும் போர்டும் சூடாகித் தேயும். வில்லியம்ஸ் 1999 அக்டோபரில் பின்பால் தயாரிப்பையே மூடிவிட்டது. ஓனர் யாரிடம் போய்க் கேட்பார்?

வீட்டில் எப்படிச் செய்கிறார்கள்?

விளம்பரப் பலகைகளில் வரும் 64-க்கு 32 எல்இடி பேனல் இரண்டை அருகருகே வைத்தால் அதே 4,096 புள்ளிகள். புள்ளி இடைவெளி 2.5 மி.மீ. என்றால் அகலம் 32 செ.மீ., உயரம் 8 செ.மீ. பழைய திரையின் இடத்தில் கிட்டத்தட்ட கச்சிதமாக உட்காரும்.

பழைய திரைக்கு வரும் 14 முனை ரிப்பன் கேபிளை ஒரு சின்ன கன்ட்ரோலர் போர்டு படித்து, பேனலுக்குப் புரியும் வடிவில் அனுப்பும். ஆனால், ஒரு சூட்சுமம் இருக்கிறது. மெஷினுக்கு ‘எரி’, ‘அணை’ என்ற இரண்டு கட்டளைகள்தான் தெரியும். நொடிக்கு சுமார் 122 முறை படத்தை அனுப்பி, சில புள்ளிகளைக் கூடுதல் முறை எரியவிட்டு மங்கல், பிரகாசம் காட்டுகிறது. ஒரு படத்தை மட்டும் படித்தால் திரை மினுக்கும். அடுத்தடுத்த படங்களைக் கூட்டித்தான் காட்ட வேண்டும்.

வண்ணமும் சேர்க்கலாம். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு அடையாள எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண் வரும்போது அதற்கான நிறங்களைப் போடுகிறார்கள். ஸ்கோர் மாறினால் எண்ணும் மாறிவிடும் என்பதால், அந்தப் பகுதியைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சோதனைதான் பாதி வேலை

‘லைட் எரிஞ்சிடுச்சு, வேலை முடிஞ்சது’ என்று நினைப்பதுதான் பெரிய தவறு. முதலில் மேசையிலேயே, மெஷினோடு இணைக்காமல், எல்லாப் புள்ளிகளும் எரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். மெஷின் தருவது 5 வோல்ட் சிக்னல். பல கன்ட்ரோலர்கள் 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும். இடையில் லெவல் ஷிஃப்டர் இல்லையென்றால் சிப் காலி. பேனல் முழு வெளிச்சத்தில் பல ஆம்பியர் இழுக்கும். அந்தப் பாரத்தை முப்பது வயது போர்டின் தலையில் ஏற்றாமல் தனி 5 வோல்ட் சப்ளை கொடுக்க வேண்டும். இரண்டின் கிரவுண்டையும் இணைக்க வேண்டும்.

அடுத்து, நிஜமாகவே ஆடிப் பார்க்க வேண்டும். பந்தைத் தட்டும் காயில்கள் இயங்கும்போது எழும் மின் இரைச்சலில், சும்மா இருக்கும்போது ஒழுங்காக ஓடிய திரைகூட ரீசெட் ஆகலாம். சில மணி நேரம் ஓடவிட்டுச் சூட்டையும் கவனிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் உயிர் பாதுகாப்பு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கலாம். உயர் மின்னழுத்தத்தில் பழக்கமில்லாதவர்கள் அந்தப் பக்கம் கை வைக்காமல், தெரிந்தவரை அழைப்பதே நல்லது.

கழற்றக்கூடியதே நல்ல மாற்றம்

‘பழையதை அப்படியே விட்டால்தானே மதிப்பு?’ என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வயரை வெட்டி, பெட்டியில் ஓட்டை போட்டால் அது சேதம்தான். ஆனால், அதே கேபிளில், அதே திருகுத் துளைகளில் மாட்டி, கழற்றிய ஃபியூஸையும் பழைய திரையையும் பத்திரமாக வைத்திருந்தால், நாளையே பழைய நிலைக்குத் திரும்பலாம். எதுவும் இழப்பில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இது சாத்தியமாவது ஆர்வலர்களின் திறமையால் மட்டுமல்ல. அந்தக் கால மெஷின்களோடு வந்த மேனுவலில் சர்க்யூட் வரைபடமும் இருந்தது. கடைக்காரரே ரிப்பேர் செய்துகொள்ள வேண்டும் என்பதற்காக. தயாரித்த நிறுவனம் போனாலும் மெஷின் பிழைப்பது அந்தத் தாள்களால்தான். கையில் இருக்கும் போனின் திரை உடைந்தால் அதன் வரைபடம் எங்கே கிடைக்கும்? இன்று பொருள் வாங்குபவர்கள் கேட்டுப் பெற வேண்டியது அதைத்தான்.