மலையும் மாச வருமானமும்

பையனுக்கு வயசு 18. உலகத்தின் மிகப் பெரிய பியானோ போட்டிகளில் ஒன்றில் தங்கப் பதக்கம் வாங்கிவிட்டான். நிருபர்கள் சூழ்ந்துகொண்டு, 'அடுத்து என்ன, ஆசை என்ன?' என்று கேட்கிறார்கள். நம்மாளாக இருந்தால் அப்பா, அம்மா, குலதெய்வம் என்று ஆரம்பித்து சிமெண்ட் கம்பெனி வரைக்கும் நன்றி சொல்லியிருப்பார். இந்தப் பையன் சொன்னதன் சாரம் இது: எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஏதாவது மலைக்குப் போய், பியானோவும் நானுமாக மட்டும் இருக்க ஆசை. ஆனால் அப்படிப் போனால் வருமானம் இருக்காதே!

படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆடிட்டர் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு எழுதிப் பிழைக்கப் போகிறேன் என்று அறிவித்த அன்றைக்கு, என் அம்மா தோசையைத் திருப்பிப் போட்டபடி சொன்னதும் இதேதான். என்ன, நான் மலை என்று சொல்லவில்லை. மொட்டை மாடி ரூம் என்றேன்.

பையன் பெயர் யுன்சான் லிம். தென் கொரியா. வீட்டில் சங்கீதக்காரர்கள் யாரும் கிடையாது. நம்ம ஊரில் தெருவுக்கு ஒரு டியூஷன் சென்டர் மாதிரி அங்கே பேட்டைக்குப் பேட்டை பியானோ கிளாஸ் உண்டு. அப்படி ஒன்றில் ஏழு வயசில் சேர்ந்தவன்தான்.

போட்டியின் பெயர் வான் கிளைபர்ன். டெக்ஸஸ் மாநிலத்தில் ஃபோர்ட் வொர்த் நகரத்தில், ஒலிம்பிக்ஸ் மாதிரி நாலு வருஷத்துக்கு ஒருமுறை. 2021-ல் நடக்க வேண்டியது கொரோனாவால் 2022 ஜூனுக்குத் தள்ளிப்போனது. போட்டிக்குக் குறைந்தபட்ச வயசு 18. ஒரு வருஷம் முன்னால் நடந்திருந்தால் லிம்முக்கு 17. 'போயிட்டு அடுத்த தடவை வாப்பா' என்று வாசலிலேயே அனுப்பியிருப்பார்கள். கொரோனாவால் நல்லது நடந்த ஒரே ஆள் மாஸ்க் வியாபாரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முப்பது பேர் பதினெட்டாகி, பன்னிரண்டாகி, ஆறாகி... அரையிறுதியில் லிம் எடுத்துக்கொண்டது லிஸ்ட் எழுதிய பன்னிரண்டு எட்யூடுகள். (மளிகை லிஸ்ட் இல்லை சார், ஹங்கேரிக்காரர்.) ஒன்றிரண்டை வாசித்தாலே வியர்த்துக் கொட்டும் சமாசாரம். பையன் பன்னிரண்டையும் ஒரே மூச்சில், ஒரு மணி நேரத்துக்கும் மேல் வாசித்தான். இறுதிச் சுற்றில் ரக்மானினாஃபின் மூன்றாவது கன்செர்ட்டோ. கடைசி ஸ்வரம் ஓய்ந்ததும், ஆர்க்கெஸ்ட்ராவை நடத்திய மாரின் ஆல்சப் அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அவர்தான் நடுவர் குழுவுக்கும் தலைவி! அந்த வீடியோவை ஒரு கோடிக்கும் மேலான தடவை ஜனங்கள் பார்த்தாகிவிட்டது. என் பங்கு அதில் பதினொன்று.

இந்தப் போட்டியின் சரித்திரத்திலேயே மிக இளைய தங்கப் பதக்கக்காரன் இவன்தான். ரஷ்யப் பெண்ணுக்கு வெள்ளி, உக்ரைன்காரருக்கு வெண்கலம். அங்கே யுத்தம் ஆரம்பித்து நாலே மாசம் ஆகியிருந்தது. பரிசு ஒரு லட்சம் டாலர், அன்றைய ரேட்டில் சுமார் 78 லட்ச ரூபாய். கூடவே மூன்று வருஷத்துக்குக் கச்சேரி ஏற்பாடு, நிர்வாகம் எல்லாம் அவர்கள் பொறுப்பு.

பி.காம். புத்தியை மாற்ற முடியாது. வரவுப் பக்கம் எழுதியாகிவிட்டது என்றால் கை தானாகப் பற்றுப் பக்கம் போகிறது. அங்கே என்ன எழுதுவது?

யார் பெயரில் போட்டியோ அந்த மனிதரின் கணக்கையே பார்த்துவிடலாம். வான் கிளைபர்ன் டெக்ஸஸில் வளர்ந்த நெட்டையான இளைஞர். 1958-ல், 23 வயசில், மாஸ்கோவுக்குப் போய் ரஷ்யர்களின் சைக்காவ்ஸ்கி போட்டியில் ரஷ்யர்களையே ஜெயித்தார். ஸ்புட்னிக் மேலே போய் ஆறு மாசம்தான் ஆகியிருந்தது. அமெரிக்காக்காரனுக்குக் கொடுக்கலாமா என்று நடுவர்கள் குருஷ்சேவிடமே கேட்டார்களாம். 'அவன்தான் பெஸ்டா? அப்ப கொடுத்துடுங்க' என்றாராம் அவர். ஊர் திரும்பியதும் நியூயார்க்கில் காகிதத் துணுக்குகளை மழையாகக் கொட்டி ஊர்வலம் விட்டார்கள். ராணுவத் தளபதிக்கும் விண்வெளி வீரருக்கும் கிடைக்கிற மரியாதை, பியானோக்காரருக்கு!

அப்புறம்? போகிற ஊரிலெல்லாம் அதே சைக்காவ்ஸ்கியைக் கேட்டார்கள். ஹிட்டான பாட்டுக்கு ஒன்ஸ்மோர் கேட்கிற ஜனம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். இருபது வருஷம் வாசித்தார். 1978-ல், 44 வயசில், போதும் என்று மேடையை விட்டு இறங்கிவிட்டார். 1987-ல் கோர்பசேவ் வந்தபோது வெள்ளை மாளிகையில் வாசித்ததுதான் மறுபடி. அவருக்கும் ஒரு மலை இருந்திருக்கும் போல. ஆனால் அதை வாங்கும் அளவுக்குக் காசு சேர்த்துவிட்டுப் போனார்.

சரி, நம் பையனுக்கு வருவோம். அவனுடைய வாத்தியார் மின்சூ சோன், 2023-ல் அமெரிக்காவில் பாஸ்டனில் உள்ள கன்சர்வேட்டரிக்கு வேலைக்குப் போனார். மாணவனும் பின்னாலேயே போய் அங்கே சேர்ந்துவிட்டான். குருகுலம் என்பது நமக்கு மட்டும் சொந்தமில்லை என்று தெரிகிறது. டெக்கா கம்பெனி ரெக்கார்டிங்குக்கு ஒப்பந்தம் போட்டது.

2024 பிப்ரவரி 21. நியூயார்க், கார்னகி ஹால், பெரிய அரங்கம், 2,804 ஸீட். லிம்முக்கு இருபது வயசு முடிய இன்னும் ஒரு மாசம் பாக்கி. (கார்னகி ஹாலில் வாசித்தவரை இனியும் அவன் இவன் என்பது சரியில்லை. 'அவர்' என்று வைத்துக்கொள்வோம்.)

பியானோவில் தனிக் கச்சேரி என்றால் நிஜமாகவே தனி. பக்கவாத்தியம் கிடையாது. தனி ஆவர்த்தனத்தை மிருதங்கக்காரரிடம் விட்டுவிட்டு ஃபிளாஸ்கிலிருந்து ரெண்டு மிடறு வெந்நீர் குடிக்கிற வசதி கிடையாது. இசைக் குறிப்புப் புத்தகமும் எதிரே இருக்காது. 88 கட்டை, பத்து விரல், அவ்வளவுதான்.

இவ்வளவு பெரிய மேடை கிடைத்தால் ஊர் மெச்சுகிற மாதிரி நாலைந்து அயிட்டங்களைக் கலந்து கட்டலாம். லிம் எடுத்துக்கொண்டதோ ஷோபனின் 24 எட்யூடுகள். (நடிகை ஷோபனாவுக்கு உறவில்லை, போலந்துக்காரர்.) எட்யூட் என்றால் பயிற்சிப் பாடம். நம் கணக்கில் சரளி வரிசை, ஜண்டை வரிசை! டிசம்பர் சீஸனில் பெரிய சபாவில் ஒரு வித்வான் உட்கார்ந்து முழுக்கச்சேரியும் ஜண்டை வரிசை பாடினால் கேன்டீன்தான் நிரம்பும். ஆனால் ஷோபன் விஷயம் வேறு. ஒவ்வொரு பாடத்திலும் விரலுக்கு ஒரு கஷ்டத்தை வைத்து, அதன் மேலேயே சங்கீதத்தைக் கட்டிவிட்டார் மனிதர். முதல் பன்னிரண்டு 1833-லும் அடுத்த பன்னிரண்டு 1837-லும் அச்சாகின. எழுத ஆரம்பித்தபோது அவருக்கும் ஏறக்குறைய லிம்மின் வயசுதான்.

உதாரணம் சொல்கிறேன். முதல் செட்டில் இரண்டாவது பாடம். வலது கையின் நடு விரல், மோதிர விரல், சுண்டு விரல் மூன்றும் கட்டை விடாமல் ஏறி இறங்கி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கட்டை விரலும் ஆள்காட்டியும் கீழே தாளம் போடுகிற மாதிரி வேறு வேலை பார்க்க வேண்டும். கையிலேயே சோம்பேறி விரல்களைப் பார்த்து ஓவர்டைம் கொடுக்கிறார்.

டைப்ரைட்டிங் கிளாஸ் போனவர்களுக்கு இது உடனே புரியும். ஏ எஸ் டி எஃப் என்று ஆரம்பிப்பார்களே, அதில் 'ஏ' இடது சுண்டு விரலுக்கு. லோயர் பாஸ் பண்ணுகிற வரைக்கும் என் தாளில் 'ஏ' மட்டும் மங்கலாகத்தான் விழும். 'சுண்டு விரல்ல தெம்பு இல்லையாடா?' என்று மாஸ்டர் ஸ்கேலால் தட்டுவார். ஒரு எழுத்துக்கே அந்தப் பாடு. லிம் கார்னகியில் இப்படி 24 பாடங்களை, சுமார் ஒரு மணி நேரத்துக்கு, வாசித்துவிட்டு எழுந்தார்.

அடுத்த மாசமே விஷயம் வேறு மாதிரி போயிற்று. மார்ச்சில் ஐரோப்பாவில் வாசிக்க வேண்டிய சில கச்சேரிகள் ரத்து. காரணம், கையில் வலி. டாக்டர் ஓய்வு எடுக்கச் சொல்லிவிட்டார்.

நான் ஆபீஸில் இருந்த காலத்தில் மேஜை நாற்காலிக்கு 10 சதவீதம், கம்ப்யூட்டருக்கு 40 சதவீதம் என்று தேய்மானம் போட்டுத் தள்ளியிருக்கிறேன். கைக்கு எந்த ரேட்? லியான் ஃப்ளைஷர் என்று ஒரு மகா வித்வான். 1964 வாக்கில், முப்பத்தாறு வயசில், வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் தானாக மடங்க ஆரம்பித்துவிட்டன. அப்புறம் முப்பது வருஷம் இடது கைக்கென்றே எழுதப்பட்ட இசையைத் தேடித் தேடி வாசித்தார், மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார், ஆர்க்கெஸ்ட்ரா நடத்தினார். வைத்தியத்தில் வலது கை திரும்பியபோது கிழவராகியிருந்தார். பியானோ வாசிக்கிறவர்கள் எல்லோருக்கும் அவர் கதை தெரியும். மார்ச்சில் ஓய்வில் இருந்த அந்த இருபது வயசுக்காரருக்கும் தெரிந்திருக்கும்.

நல்லவேளை, லிம் சில வாரங்களில் திரும்பிவிட்டார். ஏப்ரலில் அந்த 24 பாடங்கள் ஆல்பமாக வந்தன. அக்டோபரில் லண்டன் 'கிராமபோன்' பத்திரிகை பியானோ விருதையும் இளம் கலைஞர் விருதையும் சேர்த்துக் கொடுத்தது. 2025 ஏப்ரலில் மறுபடி கார்னகி ஹால். இந்தத் தடவை பாக் எழுதிய கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ், ஒரு மணி நேரத்துக்கும் மேல். மலைக்குப் போகிற திட்டம் தள்ளிக்கொண்டே போகிறது.

ஆனால் ஒரு சந்தேகம். ஆல்பம் வந்த சமயத்தில் லிம் சொன்ன ஒரு விஷயம்: இரண்டாவது செட்டின் ஏழாவது பாடத்தில் முதல் இரண்டே பார் இசைக்காக ஏழு மணி நேரத்துக்கும் மேல் பயிற்சி செய்தாராம். வேகமான பாடமாக்கும் என்று நினைக்காதீர்கள். 24-ல் மெதுவானவற்றில் ஒன்று அது. இடது கை மட்டும் தனியாக, ராத்திரி யாரோ தனக்குள் பேசிக்கொள்கிற மாதிரி ஆரம்பிக்கும். புதுசாகக் கற்றுக்கொள்கிறவர்கூட அந்த ஸ்வரங்களைத் தட்டிவிடலாம். அதற்கு ஏழு மணி நேரம்! கதவைச் சாத்திக்கொண்டு ஒருத்தர் அப்படி உட்கார்ந்தால், அந்த ரூம் நியூயார்க்கில் இருந்தால் என்ன, பாஸ்டனில் இருந்தால் என்ன.

நேற்று ராத்திரி மொட்டை மாடி ரூமில் அந்தப் பாடத்தைக் கேட்டேன். முடிந்ததும் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்து, முதல் இரண்டு வரியை மட்டும் அடித்து அடித்துத் திருத்தினேன். நாற்பது நிமிஷம்தான் தாங்கியது. கீழே இருந்து அம்மா குரல் கொடுத்தாள்: ''கரண்ட் பில் கட்டினியா?''