டிரைவரின் தூக்கத்துக்கு யார் பொறுப்பு?

சங்ககிரியில் சென்ற மாதம் ஒரு லாரி டிரைவர் காலமானார். விபத்தில் அல்ல; வீட்டில் நோயாய்க் கிடந்து இறந்தார். ஆகையால் எந்தப் பத்திரிகையிலும் செய்தி வரவில்லை. மோட்டார் தொழிலாளர் சங்கக் கொடியைப் போர்த்தி அனுப்பிவைத்தோம். சுடுகாட்டுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் அவரிடம் கிளீனராக இருந்து தொழில் பழகியவர்கள்.

1972-ல், பதினைந்து வயதில் லாரி ஏறியவர் அவர். நாற்பது வருஷம் ரோட்டிலேயே கழிந்தது. ஆலைத் தோழர்களே, நீங்கள் நூற்ற நூலைப் பிவண்டித் தறிகளுக்குக் கொண்டு சேர்த்தவர் அவர். விவசாயத் தொழிலாளித் தோழர்களே, நீங்கள் பிடுங்கிய மரவள்ளிக் கிழங்கு சேலத்தில் ஜவ்வரிசியாகி, மராட்டிய ஜனங்களின் விரத நாள் உணவாகப் போனதும் அவர் லாரியில்தான். திரும்பும்போது நாசிக் வெங்காயம், நாக்பூர் ஆரஞ்சு. பருவத்தில் காஷ்மீர் ஆப்பிள்.

“தேசமெல்லாம் சுத்தினவரு” என்று ஊரில் பேசுவார்கள். அவர் சிரிப்பார். “ஆக்ரா வழியா எத்தனை தடவை போனேன்னு கணக்கே இல்லீங்க தம்பி. தாஜ்மகாலைப் பாத்ததில்லை. லோடு இறக்கற நேரம் தப்புனா பேட்டாவுல பிடிச்சுக்குவாங்க” என்றார் ஒருமுறை நம்மிடம்.

உல்லாசப் பிரயாணமா அது? ஜம்மு ரோட்டில் ராம்பன் அருகே மண் சரிந்தால் நாள் கணக்கில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். பம்ப் ஸ்டவ்வில் சோறு பொங்கிப் பக்கத்து லாரிப் பஞ்சாபிக்கும் கொடுப்பார். அவன் ரொட்டி தருவான். பாஷை தெரியாது, பசி தெரியும்.

1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியானதையொட்டிப் பெங்களூரில் தமிழர்கள் மீது கலவரம் வெடித்தது. அப்போது அவர் நூல் மூட்டைகளோடு தும்கூரைத் தாண்டிக்கொண்டிருந்தார். பஞ்சர் கடை வைத்திருந்த ஒரு கன்னடக்காரர் கையைக் காட்டி லாரியை நிறுத்தினார். கடைக்குப் பின்னால் ஓட்டச் சொல்லி, நம்பர் பலகையைச் சாக்கால் மூடினார். மூன்று நாள் கேழ்வரகுக் களி போட்டுக் காப்பாற்றினார். தண்ணீருக்காகத் தமிழனும் கன்னடனும் வெட்டிக்கொண்டுதான் ஆகவேண்டும் என்று பேசுகிறவர்கள் இந்தக் கதையைக் கேட்கட்டும்.

ஆனால் அவரைக் கொன்றது ரோடு அல்ல. தூக்கமின்மை என்பதே நம் அபிப்பிராயம். ஆரம்பத்தில் வண்டிக்கு இரண்டு டிரைவர்கள். சேலத்திலிருந்து பம்பாய்க்கு ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். ஒருவர் ஓட்ட, ஒருவர் தூங்குவார். பிறகு அவருடைய முதலாளி ஒரு கூலியை மிச்சம் பிடிக்க இரண்டாவது டிரைவரை இறக்கிவிட்டார். தூக்கம் வராமலிருக்கக் கண்ணில் தண்ணீர் அடித்து, பீடியும் டீயுமாக ஓட்டினார். முதுகு போயிற்று, சர்க்கரை நோய் வந்தது. பி.எப். இல்லை, பென்ஷன் இல்லை.

சட்டம் இல்லையா? இருந்தது. 1961-ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றது. தூரப் பயணத்துக்கு அனுமதி பெற்றால் 10 மணி, வாரத்துக்கு 54 மணி. அதற்கு மேல் கூடாது. ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்துக்கே அந்தச் சட்டம். ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருப்பவர்கள் தப்பினார்கள். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அதே வேலை நேரத்தை எல்லா டிரைவர்களுக்கும் விரித்தது. ஆனால் நடு இரவில், நடு ரோட்டில் மணியை எண்ணுவது யார்? செக்போஸ்டில் பாரத்தை எண்ணினார்கள், பேப்பரை எண்ணினார்கள், மாமூலையும் எண்ணினார்கள். டிரைவர் விழித்திருந்த மணியை எவரும் எண்ணவில்லை.

ஒற்றை லாரிக்காரரை மட்டும் நாம் குறை கூறவில்லை. அவரும் பலபேர் பழைய டிரைவர்தான், வட்டியில் மூழ்கியவர். வாடகையை அடித்துக் குறைத்துவிட்டு, “நாளைக் காலைக்குள் சரக்கு வரவேண்டும்” என்று கட்டளையிடும் பெரிய கம்பெனிகளுக்கு இதில் பொறுப்பு இல்லையா?

2023-ல் நிறைவேறிய புதிய தண்டனைச் சட்டத்தில், உயிர்ச்சேத விபத்துக்குப் பின் போலீசுக்கோ மாஜிஸ்டிரேட்டுக்கோ தெரிவிக்காமல் ஓடிய டிரைவருக்கு 10 வருஷம் வரை சிறை என்று எழுதினார்கள். 2024 ஜனவரியில் பல மாநிலங்களில் டிரைவர்கள் ஸ்டியரிங்கை விட்டு இறங்கினார்கள். அவர்கள் பலத்தால்தான் 2024 ஜூலை 1-ல் சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. படுக்கையில் கிடந்தபடி அவர் நம்மைக் கேட்டார்: “தூங்காம ஓட்டச் சொன்னவனுக்கு எத்தனை வருஷம், தம்பி?”

அடிபட்டவர்களை விட்டு ஓடுவது சரியென்று நாம் சொல்லவில்லை. அடிபட்டவரும் பெரும்பாலும் நம்மைப் போல நடந்தும் சைக்கிளிலும் போகிற ஏழைதான். அவரைக் காப்பாற்றவும் வழி ஒன்றே: தூங்கி எழுந்த டிரைவர் வண்டி ஓட்டவேண்டும். 2025-ல், புதிதாகத் தயாராகும் லாரிகளில் டிரைவர் இருக்கைப் பகுதிக்கு ஏ.சி. கட்டாயமாயிற்று. நல்லது. ஆனால் குளிர்ந்த காற்று தூக்கத்துக்கு ஈடாகுமா?

தூர வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும். வேலை மணிக்குக் கணக்கு வேண்டும். ஓய்வுக்கு இடம் வேண்டும். சர்க்கார் செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். ஆலைத் தோழர்களே, உங்கள் ஆலை வாசலில் லோடுக்காக இரவெல்லாம் காத்து நிற்கும் டிரைவருக்குப் படுக்க ஒரு கொட்டகை, குளிக்கத் தண்ணீர், ஒரு கக்கூஸ் — இந்த மூன்றையும் அடுத்த கோரிக்கை மனுவில் சேருங்கள். உங்கள் நூலைச் சுமந்தவருக்கு நீங்கள் பட்ட கடன் அது.